சென்னை வானாய்வகக் கடிகாரமும் திருக்கடையூர்க் கதிரவனும்

காலனை வென்ற தலமெனத் தமிழ் மரபில் பேர்பெற்ற ஊர் திருக்கடையூர். அறுபது நிறைந்தோரும் எண்பது கண்டோரும் தங்கள் ஆயுளை எண்ணிப் பார்க்க அங்கு வருகின்றனர். காலத்தின் பெயராலேயே அத்தியாயம் ஒன்றைக் கொண்ட திருமறையை ஓதும் நமக்கு, அவ்வூரை முன்வைத்து வேறொரு வினா எழுகிறது. அங்குள்ள சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது கதிரவன் உச்சியில் நிற்கிறதா? பெரும்பாலான நாள்களில் இல்லை. இதன் காரணத்தை அறியச் சென்னையில் இயங்கிய ஓர் அரிய கடிகாரத்தின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786இல் சென்னை எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். 1789இல் தாயகம் திரும்புகையில் தொலைநோக்கிகளையும் இரு ஊசற் கடிகாரங்களையும் கம்பெனியிடம் விட்டுச் சென்றார். தனியொருவரின் ஆர்வமாகத் தொடங்கிய அம்முயற்சி, 1792இல் நுங்கம்பாக்கத்தில் அரசு வானாய்வகமாக எழுந்தது. அங்குக் காலம் காட்டிய கடிகாரம், லண்டன் நகரின் ஜான் ஷெல்டன் செய்தது. கேப்டன் குக் 1769இல் தாகித்தித் தீவில் வெள்ளிக் கோளின் கதிரவக் கடப்பைக் கண்டபோது உடன் கொண்டிருந்ததும் ஷெல்டனின் கடிகாரமே.

அதன் சிறப்பு ஊசலில் இருந்தது. வெப்பத்தில் உலோகம் நீளும். ஊசல் நீண்டால் கடிகாரம் பிந்தும். எனவே வெவ்வேறு அளவில் நீளும் பித்தளைத் தண்டுகளும் எஃகுத் தண்டுகளும் ஒன்றன் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யுமாறு பிணைக்கப்பட்டன. வடக்கு தெற்காக மட்டுமே திரும்பும் தொலைநோக்கியில் ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் துடிப்பைச் செவியால் எண்ணிக் குறிப்பர். பின் அக்கணக்கைக் கொண்டு கடிகாரத்தின் பிழை அறியப்படும். ஆக, கடிகாரம் வானத்துக்கு ஆணையிடவில்லை. வானமே கடிகாரத்தைத் திருத்தியது.

அத்தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் நுங்கம்பாக்க வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பிரித்தானியரின் தாராள மனத்தால் ஆசியாவில் கணித அறிவியல்கள் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை, ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பது அதிலுள்ள கல்வெட்டின் கருத்து. இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மராகா வானாய்வகம் 1259இலேயே (ஹிஜ்ரி 657) தொடங்கப்பட்டது. டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளியின் நேரக் கணிப்பாளரான (முவக்கித்) இப்னுஷ் ஷாத்திர், 1371இல் அப்பள்ளியின் மினாராவில் நிறுவ ஒரு கதிர்க்கடிகாரம் அமைத்தார். இஸ்தான்பூலில் தகிய்யுத்தீன், 1570களின் இறுதியில் நொடிகளையும் காட்டும் பொறிக்கடிகாரத்தை விண்மீன் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். அவரது வானாய்வகம் 1580இல் இடிக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். முன்னோரின் முதன்மையைப் பாராட்டும் நாம், அவர்கள் வளர்த்த கலை நம்மிடம் ஏன் தொடரவில்லை என்றும் கேட்க வேண்டும்.

சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் நகரின் நெடுங்கோட்டை வரையறுத்தார். கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்திய சென்னை நேரம் பின்னர் இருப்புப்பாதைகளின் பொது நேரமாயிற்று. 1906இல் 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் வந்தது. வானாய்வகப் பணி 1899இல் கோடைக்கானலுக்கு மாறியது. ஷெல்டன் கடிகாரமும் அங்கேயே பேணப்படுகிறது.

திருக்கடையூரின் நெடுங்கோடு ஏறத்தாழ 79 பாகை 48 கலை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், அவ்வூரின் இயல்பான நேரம் திட்ட நேரத்துக்கு ஏறக்குறைய 11 நிமிடம் பிந்தியது. இத்துடன், புவியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சின் சாய்வாலும் கதிரவனின் உச்சிநேரம் ஆண்டு முழுதும் மாறிக்கொண்டே இருக்கும். பிப்ரவரி நடுவில் அங்கு உச்சி 12.25க்கு; நவம்பர்த் தொடக்கத்தில் 11.54க்கே. ஆண்டு முழுதும் ஒரே மணியை லுஹருடைய தொடக்கமாகக் கொள்ள இயலாது என்பது இதனால் தெளிவு.

சென்னைக்கெனக் கணித்த அட்டவணையை அப்படியே தஞ்சைத் தரணியில் பின்பற்றுவதிலும் இடர் உண்டு. திருக்கடையூர் சென்னைக்குச் சற்று மேற்கே, இரண்டு பாகை தெற்கே உள்ளது. ஜூன் மாதத்தில் அங்குக் கதிரவன் சென்னையைவிட ஓரிரு நிமிடம் முன்னதாகவே மறைகிறது. டிசம்பர் இறுதியிலோ ஐந்து நிமிடத்துக்கும் மேல் பிந்தி மறைகிறது. நோன்பு மார்கழியில் வரும் ஆண்டுகளில் சென்னை நேரப்படி நோன்பு திறப்பவர், கதிரவன் மறையுமுன்பே திறந்தவராவார். ஐந்து நிமிடம் சிறிதெனலாம். ஆயினும் பகல் முழுதும் காத்த நோன்பின் நிறைவு அதில் அடங்கியுள்ளது.

நேரம் குறிக்கப்பட்ட கடமை தொழுகை. அந்நேரத்தைக் குறிப்பது கதிரவனும் நிழலும் செவ்வானமுமே. கடிகாரம் அவற்றுக்குச் சாட்சி. சாட்சியின் சொல்லை அவ்வப்போது சரிபார்ப்பது ஷெல்டன் கடிகாரத்தைக் கையாண்டோரின் அன்றாடப் பணியாக இருந்தது. நம் ஜமாஅத்துகள் தத்தம் ஊரின் குறுக்குக்கோடு, நெடுங்கோடு கொண்டு அட்டவணை வகுத்து, பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு அதன் நிழலோடு ஒப்புநோக்குவது அரிதன்று. முவக்கித் வகித்த பதவி நம் ஊர்களில் இல்லாமற் போகலாம். அவருடைய பொறுப்பு நம்மை விட்டு நீங்கவில்லை. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.