விட்டுக் கொடுத்தவரும் டாக்கா மாளிகையும்

நவீனக் கட்டடக் கலை என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, கண்ணாடி பதித்த உயர்ந்த கான்கிரீட் பெட்டி ஒன்றுதான். இக்கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனுள்ளே பாணிகள் பல உண்டு. அவற்றிடையே கருத்து மோதல்களும் உண்டு. அவ்வரலாற்றின் சிறந்ததோர் அத்தியாயம் வங்கத்து முஸ்லிம் ஒருவரின் பெருந்தன்மையால் எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஃகு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கட்டடத்தின் இலக்கணமே மாறிற்று. அதுவரை பாரத்தைத் தாங்கியது சுவர். இனி எஃகுச் சட்டமே தாங்கும். சுவர் வெறும் திரையாக இருந்தால் போதும் என்னும் நிலை பிறந்தது. 1885இல் சிகாகோ நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று இம்முறையைத் தழுவி எழுந்தது. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோபியஸ் ‘பௌஹவுஸ்’ என்னும் கலைக்கூடத்தை நிறுவினார். கைத்தொழிலையும் கலையையும் ஒன்றிணைத்து, வீண் அலங்காரத்தைக் களைந்து, பயன்பாட்டிலிருந்து வடிவத்தைப் பெறுவது அதன் நெறியாக வளர்ந்தது. பிரான்சில் லெ கொர்புசியே தூண்கள்மீது வீட்டை உயர்த்தி, கூரையைத் தோட்டமாக்கி, நீண்ட சாளரங்களை அமைத்துக் காட்டினார். மீஸ் வான் டெர் ரோ எஃகும் கண்ணாடியும் கொண்டு நியூயார்க்கில் 38 மாடிக் கட்டடத்தை 1958இல் முடித்தார். இவ்வகைக் கட்டடங்களுக்குச் ‘சர்வதேச பாணி’ என்னும் பெயர் 1932இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சியால் நிலைபெற்றது.

பெயரே அதன் பெருமை, குறையும் அதுவே. எந்நாட்டுக்கும் பொருந்துவது என்று கூறப்பட்ட ஒன்று, எந்நாட்டுக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. பனி பெய்யும் ஊரில் வெயிலை வரவேற்கும் கண்ணாடிச் சுவர், வெப்ப நாட்டில் அறையை அடுப்பாக்கிவிடும். தட்டையான முகப்பு, பருவமழையின் சாரலைத் தடுக்க அறியாது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் முன்னே அன்று இரண்டு வழிகளே இருப்பதாகத் தோன்றின. ஒன்று, மேனாட்டு வடிவத்தை அப்படியே பெயர்த்து வைப்பது. மற்றது, பழங்காலக் குவிமாடத்தைப் புதுக்கட்டடத்தின் தலையில் ஒப்புக்குச் சூட்டுவது. மூன்றாவது வழி ஒன்று உண்டென்று காட்டியவர்களுள் முன்னிற்பவர் மஸ்ஹருல் இஸ்லாம்.

1923இல் பிறந்த இவர் முதலில் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக் கழகத்தில் கட்டடக் கலை கற்று, 1953இல் கிழக்கு வங்கம் திரும்பினார். டாக்காவின் ஓவியக் கல்லூரிக்கு ஒரு கட்டடம் வகுக்கும் பணி இவருக்குக் கிட்டியது. கட்டட மனையில் நின்ற மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு இடம்விட்டுக் கட்டடத்தை வளைத்து அமைத்தார். காற்று தாராளமாக ஊடுருவும் தாழ்வாரங்கள், வெயிலை வடிகட்டும் துளைச் சுவர்கள், பூசப்படாத செங்கல் ஆகியவை அதன் உறுப்புகள். தூண்களின் அமைப்பில் புதுமை தெரியும். நிழலின் அமைப்பில் வங்கத்து வீடு தெரியும்.

அடுத்து வந்தது பெருவாய்ப்பு. அன்றைய பாகிஸ்தானின் இரண்டாம் தலைநகராக டாக்காவில் சட்டமன்ற வளாகம் ஒன்றை எழுப்ப அரசு முடிவு செய்து, அப்பொறுப்பை மஸ்ஹருல் இஸ்லாமை ஏற்கச் சொன்னது. ஒரு கலைஞனுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்ப்பதரிய பணி அது. அவரோ, உலகின் தலைசிறந்த கலைஞர் ஒருவர் இதைச் செய்யட்டும் என்று ஒதுங்கிக் கொண்டார். அத்தகையதொரு கட்டடம் தம் மண்ணில் எழுந்தால், வருங்கால இளைஞர்க்கு அதுவே பள்ளிக்கூடமாகும் என்பது அவர் எண்ணம். லெ கொர்புசியேயும் பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோவும் கிடைக்காமற் போகவே, அமெரிக்காவின் லூயி கான் 1962இல் அப்பணியை ஏற்றார்.

பெயரைக் கேட்டு இவர் நம்மவரோ என எண்ண வேண்டா. எஸ்தோனியாவில் வறிய யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பிலடெல்பியாவில் குடியேறியவர் அவர். கண்ணாடிப் பெட்டிகளின் மெல்லிய தோற்றம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. பழம்பெரும் கட்டடங்களின் கனமும் மௌனமும் புதுக்காலத்துக்கும் வேண்டும் என்று கருதியவர். அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழகத்திலும் செங்கல் வளைவுகளால் அதே கருத்தைப் பேசியவர்.

டாக்கா மாளிகையின் நடுவே எண்கோண மன்றம் சுமார் 155 அடி உயரத்துக்கு எழுகிறது. அதனைச் சூழ எட்டுப் பகுதிகள் நிற்கின்றன. வெளிச்சுவர்களில் வட்டமும் முக்கோணமுமாகப் பெருந்திறப்புகள் உள்ளன. அவை அழகுக்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. சாளரம் வெளிச்சுவரில் இல்லாமல் உட்புறம் தள்ளி அமைந்திருப்பதால், வெயிலும் மழையும் நேரே அதனைத் தாக்கா. ஒளியும் காற்றும் மட்டுமே உட்புகும். சர்வதேச பாணி விடை சொல்லத் தவறிய வினாவுக்கு இங்கே விடை கிடைத்தது. மாளிகையைச் சூழ்ந்த நீர்ப்பரப்போ, ஆறும் குளமும் நிறைந்த வங்கத்தின் இயல்பை நினைவூட்டுகிறது.

இன்னுமொரு செய்தி நம் உள்ளத்தைத் தொடுவது. உறுப்பினர் தொழுவதற்கு ஓர் அறை வேண்டும் என்பது மட்டுமே அரசின் குறிப்பு. லூயி கானோ அதை ஒரு மூலையில் ஒதுக்க மனமின்றி, தெற்கு வாயிலின்மேல் தொழுகைக் கூடத்தை அமைத்தார். மாளிகை முழுவதும் ஓர் அச்சில் நிற்க, அக்கூடம் மட்டும் கிப்லாவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கிறது. திசைக்காக ஒழுங்கு வளைந்து கொடுத்தது. ஒழுங்குக்காகத் திசை வளைக்கப்படவில்லை.

கட்டியவர்களை மறத்தல் தகாது. பேரியந்திரங்கள் அரிதாயிருந்த நாட்டில், மூங்கிற் சாரங்களில் ஏறி, ஆண்களும் பெண்களும் கான்கிரீட்டைத் தலையில் சுமந்தனர். ஐந்தடிக்கு ஒருமுறை வார்ப்பின் இணைப்புத் தெரியுமிடத்தில் வெள்ளைப் பளிங்குப் பட்டை பதிக்கப்பட்டது. கையுழைப்பின் சுவடே அணியாக மாறிற்று. 1971ஆம் ஆண்டின் போர் பணியை நிறுத்தியது. பங்களாதேஷ் பிறந்தபின் அது மீண்டும் தொடர்ந்தது. 1974இல் லூயி கான் காலமானார். மாளிகை 1982இல்தான் நிறைவுற்றது. அவர் அதைக் காணவில்லை.

வறிய நாட்டுக்கு இத்துணைப் பெரிய மாளிகை தேவையா என்று கேட்டவர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. பட்டினியும் வெள்ளமும் வாட்டிய ஆண்டுகளில் உயர்ந்த சுவர்கள் அவை. எனினும் ஒரு கட்டடத்தின் பயன், அது திறக்கப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை. தம் மண்ணின் இளைஞர்க்கு அது பள்ளியாகும் என்ற மஸ்ஹருல் இஸ்லாமின் எண்ணம் பலித்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

டாக்காவின் ஓர் ஓரத்தில் 2012இல் எழுந்த பைத்துர் ரவூஃப் பள்ளிவாசல் அதற்கு மறுமொழி கூறுகிறது. வகுத்தவர் மரீனா தபஸ்ஸும் என்னும் பெண்மணி. நிலம் அவருடைய பாட்டியார் வழங்கியது. செலவுக்கு மக்கள் கொடுத்த நன்கொடையும் துணையாயிற்று. குவிமாடம் இல்லை, மினாராவும் இல்லை. செங்கற் சுவரின் துளைகள் வழியே காற்று உலவ, கூரையின் சிறு வட்டத் திறப்புகள் வழியே ஒளி விண்மீன்கள் போலத் தரையில் சிதறுகிறது. மனை ஒரு திசையிலும் கிப்லா வேறு திசையிலும் இருந்தமையால், சதுரத்துள் ஒரு வட்டத்தையும் அவ்வட்டத்துள் திரும்பிய சதுரமாகத் தொழுகைக் கூடத்தையும் அமைத்திருக்கிறார். ஆகா கான் கட்டடக் கலை விருது, டாக்கா மாளிகைக்கு 1989இலும் இப்பள்ளிவாசலுக்கு 2016இலும் கிடைத்தது.

மஸ்ஹருல் இஸ்லாம் அதே 2012ஆம் ஆண்டில் மறைந்தார். மாளிகையைக் காண வருவோர் லூயி கானின் பெயரையே முதலிற் சொல்லுகின்றனர், அது முறையே. ஆயினும் தம் பெயர் பொறிக்கப்பட வேண்டிய இடத்தில் தம்மினும் வல்லவர் ஒருவர் பெயர் பொறிக்கப்படட்டும் என்று விட்டுக் கொடுத்த ஒருவர் இல்லையேல் அம்மாளிகையே இல்லை. பாணிகள் வரும், போகும். வெயிலும் மழையும் கிப்லாவும் மாறுவதில்லை. அவற்றுக்கு மதிப்பளித்துக் கட்டுவதே நம் காலத்துக்குரிய புதுமை.