கிறிஸ்துமஸ் விழாவும் பொதுவிடச் சமயமும்

கிறிஸ்துமஸ் என்பது இயேசுவின் பிறப்பைக் குறித்து டிசம்பர் 25-இல் கொண்டாடப்படும் திருநாள். இந்தியாவில் அது அரசாங்க விடுமுறையும் ஆதலின், ஆலயத்துள் ஒரு சமயத்தாரின் வழிபாடாகவும் வீதியில் அனைவர்க்கும் உரிய விழாவாகவும் விளங்குகிறது. அரசு சார்பில் அதனைக் கொண்டாடலாமா என்ற கேள்வி எழுந்த அமெரிக்காவில், பாட்டக்கெட் நகரத்தார் அமைத்த இயேசு பிறப்புக் குடில், கிறிஸ்துமஸ் தாத்தா முதலிய அலங்காரங்களோடு சேர்ந்து நின்றமையால் அரசியலமைப்புக்கு விரோதமன்று என 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிட்ஸ்பர்க் நீதிமன்ற மாளிகைப் படிக்கட்டில் தனித்து வைக்கப்பட்ட குடிலை 1989-இல் அதே மன்றம் அனுமதிக்கவில்லை. சமயச் சாயலைக் குறைத்துப் பொதுமை காண்பது அங்குள்ள மார்க்கம்.

பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட தங்கச்சிமடத்தில் மரபு வேறு. மீனவர் மிகுந்த இவ்வூரின் வேர்க்காட்டில் உள்ள புனித சந்தியாகப்பர் ஆலயத்தில் ஜூலை மாதம் நடைபெறும் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து கலந்துகொள்கின்றனர். டிசம்பரில் குடில் கட்டி, நட்சத்திர விளக்கேற்றி, நள்ளிரவுத் திருப்பலி கண்ட வீட்டார் பலகாரத்தை அண்டை வீடுகளுக்கு அனுப்புவதும், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அங்கிருந்து பதில் பலகாரம் வருவதும் தமிழகத்தின் பொது வழக்கம். கொடுப்பவரும் பெறுபவரும் தத்தம் நம்பிக்கையில் அணுவளவும் குறைத்துக்கொள்ளாமலே இவ்வுறவு நிலைக்கிறது என்பதே இதன் பெருமை. இவ்வூர் அமைந்த இராமேசுவரத் தீவில் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், பள்ளிவாசலில் தொழுகை நடத்திய தம் தந்தையும், இராமநாதசுவாமி கோயில் அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரியும், பாதிரியார் போதலும் ஒருங்கே அமர்ந்து ஊர்க்காரியங்களை ஆலோசித்ததைத் தம் உரைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அவருக்காகத் தங்கச்சிமடத்தை அடுத்த பேய்க்கரும்பில் எழுப்பப்பட்டு 2017 ஜூலை 27-இல் பிரதமர் நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்ட நினைவிடத்திலேயே பொதுவிடச் சமயம் பற்றிய விவாதம் மூண்டது. வீணை வாசிக்கும் கோலத்தில் அமைந்த கலாம் சிலையின் அருகே பகவத்கீதை செதுக்கப்பட்டிருந்ததைச் சிலர் ஆட்சேபித்தனர். கலாமின் உறவினர் திருக்குர்ஆனையும் விவிலியத்தையும் உடன் வைத்தனர். அனுமதியின்றி வைக்கப்பட்டன என்று ஓர் இந்து அமைப்பு முறையிடவே, அவ்விரு நூல்களும் அங்கிருந்து அகற்றப்பட்டன. கீதையையும் குர்ஆனையும் ஒருசேரப் போற்றிய ஒருவர்க்கு உறவினர் செய்தது பொருத்தமான மரியாதையே. ஆனால் ஆலயமோ வீடோ தன் விழாவுக்குப் பிறரை அழைப்பதும், பொதுப்பணத்தில் எழுந்த மண்டபத்தில் அரசாங்கம் ஒரு நூலைத் தேர்ந்து நிறுவுவதும் ஒன்றல்ல. முன்னதில் விருந்தினராய் மகிழ்ந்து செல்பவர், பின்னதில் சம உரிமையுள்ள பிரஜையாய் நின்று தம் நூலுக்கும் இடம் கேட்பது நியாயமே. மூன்று நூல்களையும் வைப்பதா, ஒன்றையும் வையாது விடுவதா என்பதைச் சிற்பி உளியெடுக்குமுன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.