சீனப் பெண்ணும் செம்புரட்சியும்

பழஞ்சீனச் சடங்கு நூல்கள் பெண்ணுக்கு மூன்று கீழ்ப்படிதல்களை விதித்தன. மணத்திற்கு முன் தந்தைக்கும், மணந்தபின் கணவனுக்கும், கணவன் இறந்தபின் மகனுக்கும் அவள் கட்டுப்பட்டவள். கன்பூசிய மரபு குடும்பத்தை அரசின் அடித்தளமாகக் கருதியது. ஆகவே பெண்ணின் பணிவு வீட்டுக்குரிய செய்தியாக மட்டும் இருக்கவில்லை. அரசியல் ஒழுங்கின் ஒரு கூறாகவும் இருந்தது. 1949ஆம் ஆண்டுப் புரட்சி இந்த ஒழுங்கை எவ்வளவு மாற்றியது என்பதே நாம் இங்கு ஆராய விழைவது.

பழைய ஒழுங்கின் கொடுமைக்குப் பாதங்கட்டும் வழக்கம் சான்றாகும். ஐந்தாறு வயதுச் சிறுமியின் கால்விரல்களை உள்ளங்காலின் கீழ் மடக்கித் துணியால் இறுகக் கட்டுவர். எலும்பு வளைந்து பாதம் குறுகும். நடை வாழ்நாள் முழுவதும் தளரும். குறுகிய பாதமே நல்ல மணவாழ்வுக்கு வழி என நம்பிய தாய்மாரே தம் மகளிருக்கு இதனைச் செய்தனர். பதினேழாம் நூற்றாண்டில் மஞ்சூ அரசர்கள் பிறப்பித்த தடை பயனற்றுப் போயிற்று.

எனினும் புரட்சிக்கு முந்திய காலம் முழுவதையும் இருளெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஹான் பேரரசின் வரலாற்றை எழுதி முடித்தவர்களுள் ஒருவர் பான் ஜாவோ என்னும் பெண்மணி. பெண்ணின் பணிவை வலியுறுத்திய அவரே சிறுமியருக்கும் கல்வி வேண்டும் என்று வாதிட்டார். பள்ளி ஆசிரியையாகவும் புரட்சியாளராகவும் விளங்கிய சியு ஜின் 1907இல் ஷாவோசிங் நகரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். பாதங்கட்டுவதற்கு எதிராக 1902இல் பேரரசி சீசியும் 1912இல் குடியரசும் ஆணையிட்டனர். 1919இல் சாங்ஷா நகரில், விரும்பாத மணத்துக்குப் பல்லக்கில் அனுப்பப்பட்ட மணமகள் ஒருத்தி அப்பல்லக்கிலேயே உயிரை மாய்த்துக்கொண்டாள். அச்சாவைக் குறித்து அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதிய இளைஞரே மாவோ.

அவர் தலைமையேற்ற இயக்கம் ஆட்சியைப் பிடித்ததும், 1950 மே முதல் நாள் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் வற்புறுத்தி நடத்தும் மணம், குழந்தைப் பருவ மண ஒப்பந்தம், ஆசைநாயகியரை வைத்துக்கொள்ளுதல் ஆகியன தடை செய்யப்பட்டன. மணத்திற்குரிய குறைந்த வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 20 ஆயிற்று. மணவிலக்குக் கோரும் உரிமை பெண்ணுக்கும் உறுதி செய்யப்பட்டது. நிலச் சீர்திருத்தத்தில் பெண்ணுக்கும் பங்கு கணக்கிடப்பட்டது. இவை சிறிய மாற்றங்கள் அல்ல. மணவிலக்குக் கோரிய பெண்கள் பலர் உறவினர் கையால் மாண்டனர் என்பதே, சட்டம் எத்துணை ஆழமான வேரைத் தொட்டது என்பதைக் காட்டும்.

உழைப்புக் களத்திலும் பெண் போராட வேண்டியிருந்தது. ஷான்சி மாநிலத்தின் சீகோ சிற்றூரில், ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலிப்புள்ளி வழங்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் சென் ஜிலான் ஏனைய பெண்களைத் திரட்டி, ஆண்களுக்கு ஈடாக உழைத்துக் காட்டிச் சம கூலி பெற்றார். ஆயினும் நாட்டின் பல பகுதிகளில் ஆணுக்குப் பத்துப் புள்ளி, பெண்ணுக்கு ஏழெட்டுப் புள்ளி என்ற கணக்கு நீடித்தது. வயலிலிருந்து திரும்பிய பெண்ணுக்கு அடுப்பும் காத்திருந்தது.

இக்குறையை முன்னரே சுட்டியவர் எழுத்தாளர் டிங் லிங். 1942 மார்ச்சில், கட்சியின் தளமான யெனானில் வெளியான கட்டுரையில், மணமாகாத பெண் வம்புக்கு ஆளாவதையும், மணமாகிப் பிள்ளை வளர்ப்பவள் பின்தங்கியவள் எனத் தள்ளப்படுவதையும் அவர் எழுதினார். கட்சி அவரைக் கண்டித்தது. பின்னர் 1950களின் இறுதியில் வலதுசாரி என முத்திரையிட்டு வடகிழக்குக்கு அனுப்பியது. பெண்ணுக்காகப் பேசும் உரிமையைக் கட்சி தன்னிடமே வைத்துக்கொண்டது என்பது இங்கு நோக்கத்தக்கது. 1949இல் தோன்றிய அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பும் கட்சியின் வழிகாட்டலிலேயே இயங்கியது.

இதன் விளைவு 1980க்குப் பின் வெளிப்பட்டது. ஒரு குழந்தைக் கொள்கையின் கீழ், எத்தனை பிள்ளை பெறுவது என்பதை அரசு முடிவு செய்தது. கட்டாயக் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன. மகனை விரும்பும் பழைய மனப்பாங்கு பெண் கருவை அழித்தது. 2010 கணக்கெடுப்பில் 100 பெண் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 118 ஆண் பிறப்புகள் பதிவாயின. அக்கொள்கை 2016இல் கைவிடப்பட்டது. 2021இல் மூன்று குழந்தைகளுக்கு இசைவு தரப்பட்டது. இப்போது அதே அரசு மேலும் பெறுமாறு ஊக்குவிக்கிறது. 2022இல் அமைந்த 24 பேர் கொண்ட கட்சியின் அரசியல் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை.

புரட்சி சீனப் பெண்ணுக்குக் கல்வியும் வேலையும் மணவுரிமையும் தந்தது. இதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் தந்தை, கணவன், மகன் ஆகிய மூவரின் பிடியைத் தளர்த்திய அரசு, நான்காவது கீழ்ப்படிதல் ஒன்றைத் தனக்கென வைத்துக்கொண்டது. மேலிருந்து வழங்கப்பட்ட உரிமையைக் காக்கும் குரலும் உரியவரிடம் இல்லையெனில், வழங்கிய கையே அதனைச் சுருக்கவும் கூடும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம் எனலாம்.