கைத்துப்பாக்கி ஏந்திச் செல்லல் (அமெரிக்க ஐக்கிய நாடு)

பொது இடத்தில் கைத்துப்பாக்கியைப் பிறர் காண இடுப்புறையில் வைத்துச் செல்வது வெளிப்படை ஏந்தல். உடைக்குள்ளோ பைக்குள்ளோ மறைத்துச் செல்வது மறைவு ஏந்தல். இரண்டையும் மாநிலச் சட்டங்களே பெரும்பாலும் ஒழுங்குபடுத்துகின்றன. எனவே எல்லை கடந்தால் விதியும் மாறும்.

19ஆம் நூற்றாண்டில் மறைத்து ஏந்துவது இழிவாகக் கருதப்பட்டது. கென்டக்கி 1813இல் அதைத் தடைசெய்தது. 1846இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் மறைவுக்கான தடையை ஏற்று, வெளிப்படைக்கான தடையைச் செல்லாததாக்கியது. பிற்காலத்தில் இந்நோக்கு ஏறக்குறையத் தலைகீழானது. கலிபோர்னியா, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடங்களில் ஏந்துவதை 1967இல் மல்ஃபோர்டு சட்டத்தால் தடுத்தது; கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினரின் ஆயுத ரோந்தே அதற்குத் தூண்டுதல். டெக்சாஸிலோ மறைவு ஏந்தலுக்கு 1990களிலேயே உரிமம் கிடைத்தது. வெளிப்படைக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிக்கல் பெரும்பாலும் இடைநிலையில் எழுகிறது. காற்றில் சட்டை விலகிப் பிடி தெரிந்தால் அது எவ்வகை? மறைவை மட்டும் அனுமதித்த புளோரிடா, கணநேரம் தெரிவது குற்றமன்று என 2011இல் சட்டத்தைத் திருத்தியது. ஊர்தியில் வைத்திருப்பது, காவலர் தடுத்து விசாரிக்கும் அதிகாரம் ஆகியவற்றிலும் தெளிவு குறைவு.

2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்தும் உரிமையை அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் காப்பதாகத் தீர்ப்பளித்தது. ஒரு முறையை அனுமதித்து மற்றதை மாநிலம் முற்றிலும் தடுக்கலாமா என்பதை அத்தீர்ப்பு முடிவுசெய்யவில்லை.