ஒரு கிடார், இரண்டு காதுகள்

1993, நவம்பர் 18. நியூயார்க்கில் சோனி ஸ்டுடியோ. மேடை முழுக்க லில்லிப் பூக்கள், மெழுகுவர்த்திகள். எம்.டி.வி-யின் ‘அன்ப்ளக்டு’ நிகழ்ச்சிக்காக, நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் ஒரு மரக் கிடாரோடு வந்து உட்கார்கிறார். ‘அன்ப்ளக்டு’ என்றால் பிளக்கைப் பிடுங்கியாச்சு, எல்லாம் அசல் மரத்தின் ஒலி என்று அர்த்தம்!

அங்கேதான் ஒரு குட்டித் திருட்டுத்தனம் நடந்தது. கோபேனின் கிடாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் போனது. அது கண்ணில் பட்டால் மானம் போய்விடுமே! தயாரிப்பாளர் ஸ்காட் லிட், அதன் முன்னால் ஒரு போலிப் பெட்டியை வைத்து மறைத்துவிட்டார். ஆம்ப் வழியாகத் தன் கிடாரைக் கேட்டுப் பழகியவர் கோபேன். அது இல்லாமல் அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், கிடாரின் நெடுநாள் கவலையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கிடாருக்குப் பிறவியிலேயே சன்னக் குரல். தனியாகக் கேட்டால் தேன். பக்கத்தில் நாலு டிரம்பெட்டும் ஒரு டிரம்ஸும் சேர்ந்தால், போச்சு! 1920-களின் அமெரிக்க நடன அரங்குகளில், கிடார்க்காரரின் கை அசைவது தெரியும், சத்தம்தான் கேட்காது.

‘முன்னால் ஒரு மைக்கை வைத்தால் போச்சு’ என்பீர்கள். வைத்தார்கள். ஆனால், மைக் ரொம்ப நேர்மையான பேர்வழி. கிடாரை மட்டுமல்ல, டிரம்ஸையும் கேட்கும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியையும் கேட்டு, அதையே திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது மறுபடி மைக்குக்கு... ‘கூய்ய்ய்’ என்று மேடை அலறுவது இப்படித்தான்.

1931-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஜார்ஜ் போஷாம் என்பவர் வேறு வழி பார்த்தார். காற்றைக் கேட்டால்தானே வம்பு? கம்பியையே கேட்டால்? காந்தத்தையும் செம்புக் கம்பிச் சுருளையும் வைத்து, எஃகுக் கம்பியின் அசைவை நேராக மின்சாரமாக்கினார். அதுதான் பிக்கப். அதைப் பொருத்திய அலுமினியக் கிடார், பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர்! எலெக்ட்ரிக் கிடார் பிறந்தது.

ஆனால், இந்தப் பிக்கப்புக்குக் கம்பியின் ஆட்டம்தான் புரியும். கிடாரின் வயிற்றுக்குள் காற்று கும்மென்று முழங்குவது அதற்குக் கேட்காது. 1954-ல் கிப்ஸன் நிறுவனம் ஒரு மரக் கிடாரிலேயே பிக்கப்பைப் பொருத்தி ஜே-160ஈ என்று விற்றது. அலறலைக் குறைக்க, மேல்பலகை அதிகம் அதிராதபடி அடியில் ஏணி மாதிரி சட்டங்கள் வைத்தார்கள். குரல் பெரிதாகக் கேட்பதற்காகத் தொண்டையை இறுக்கிய கதை!

பீட்டில்ஸின் ஜான் லெனனிடம் இருந்தது அந்த ரகம்தான். 1964-ல் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டின்போது அது ஆம்ப் பக்கத்தில் போய் அலற, ‘அட, நல்லாயிருக்கே!’ என்று அந்த அலறலையே பாட்டின் தொடக்கமாக வைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

அடுத்த உதவி ஒரு பழைய கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-லேயே பியர் க்யூரியும் அண்ணன் ஜாக்கும் காட்டியிருந்தார்கள். அந்தப் ‘பீஸோ’ படிகத்தைக் கம்பிகள் அழுந்தி நிற்கும் பாலத்துக்கு அடியில் செருகிப் பிரபலமாக்கியது ஓவேஷன் நிறுவனம். அதன் முதலாளி சார்லஸ் கேமன், ஹெலிகாப்டர் செய்தவர்! அலறல் குறைந்தது. ஆனால், ஓங்கி மீட்டினால் வாத்து கத்துகிற மாதிரி ஒரு ஒலி. கிடார்க்காரர்கள் வைத்த பெயரும் ‘குவாக்’தான்.

ஆக, மைக்குக்கு மரம் கேட்கும், கூடவே ஊரும் கேட்கும். பிக்கப்புக்குக் கம்பி மட்டும் கேட்கும். இரண்டையும் கலந்துவிட்டால் தீர்ந்தது, இல்லையா?

இங்கேதான் இயற்பியல் காலை வாரிவிடுகிறது. பிக்கப்பின் சேதி உடனே போய்விடும். மைக்குக்கு ஒலி காற்றில் நடந்து வரவேண்டும். வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். மைக் 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான தாமதம். ‘இதெல்லாம் ஒரு தாமதமா?’ என்று கேட்காதீர்கள். நொடிக்குச் சுமார் 570 முறை அதிரும் ஸ்வரத்துக்கு அது சரியாகப் பாதி அலை! ஒரு அலை மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்கும். இரண்டும் சம பலத்தில் இருந்தால், ஒன்றும் ஒன்றும் சேர்ந்து... பூஜ்யம்!

அதற்கும் வழி கண்டார்கள். ஒரு அலையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க ஒரு ஸ்விட்ச். மைக் வந்து சேரும்வரை பிக்கப்பைக் கொஞ்சம் காக்கவைப்பது இன்னொரு வழி. மூன்றாவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அலறல் அதிகம் கிளம்புகிற கீழ்ஸ்தாயியைப் பிக்கப் பார்த்துக்கொள்ளட்டும். விரல் உரசலும் மரத்தின் மூச்சும் கேட்கிற மேல்ஸ்தாயி மைக்குக்கு. 1990-களில் கிடாரின் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி மைக்கை வைத்து, இரண்டையும் வேண்டிய அளவில் கலக்க ஒரு குமிழும் கொடுத்தார்கள். 2000-களில் ஃபிஷ்மன் நிறுவனத்தின் ‘ஆரா’, ஸ்டுடியோ மைக் கேட்ட ஒலியின் சாயலைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, அதைப் பிக்கப்போடு கலந்தது. மைக் இல்லாமலே மைக்!

மறுபடி கோபேனிடம் வருவோம். அந்த ஒளிப்பதிவு நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1994 ஏப்ரலில் அவர் தற்கொலை செய்துகொண்டார். வயது 27. நவம்பரில் ஆல்பமாக வந்த அந்த இசையைத்தான், ‘அவருடைய ஒளிவுமறைவில்லாத குரல்’ என்று லட்சக்கணக்கானோர் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். அதில் கிடார் ஒலித்தது, ஒளித்துவைத்த ஒரு வயர் வழியாக! அதனால் அது பொய்யாகிவிடுமா என்ன? மேடைக் கிடாரின் ‘அசல் குரல்’ என்பது, எந்தக் காதை எவ்வளவு நம்புவது என்று யாரோ ஒருவர் குமிழைத் திருப்பி முடிவு செய்வதுதான்.

அந்த மார்ட்டின் டி-18ஈ கிடார் 2020 ஜூனில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 60 லட்சத்துப் பத்தாயிரம் டாலர். வாங்கியவர் பீட்டர் ஃப்ரீட்மேன் என்ற ஆஸ்திரேலியர்.

அவர் என்ன தொழில் செய்கிறார் தெரியுமா? ‘ரோட்’ நிறுவனத்தின் முதலாளி. அவர்கள் தயாரிப்பது... மைக்!