கேம் விளையாடும்போது கணினி நின்று போகிறதா? முதலில் பயாஸைப் பாருங்கள்

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி முடங்குகிறது. 'வீடியோ மெமரி போதவில்லை' என்று திரையில் ஒரு வரி வருகிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். சிலிபின், புந்தோங் பக்கம் பிள்ளைகள் முதல் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய கணினி என்றால், வீட்டில் ஏச்சும் சேர்ந்து விழும். ஆனால் உள்ளே இருப்பது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ9, ஐ7 பிராசஸர் என்றால், கார்டுக்குக் காசு கொடுக்கும் முன் பயாஸைப் பார்ப்பது நல்லது.

இன்டெல் 1972லேயே பினாங்கில் ஆலை திறந்த நிறுவனம். அதனால்தானோ என்னவோ, 'இன்டெல் சில்லில் கோளாறு வராது' என்ற நம்பிக்கை நம்மிடம் கொஞ்சம் அதிகம். ஆனால் 2022, 2023 அக்டோபர்களில் வந்த இந்த இரு தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் கோளாறு இருப்பதை 2024 ஜூலையில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பிராசஸர் தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று மதர்போர்டிடம் கேட்கும், போர்டு கொடுக்கும். அதைக் கேட்கச் சொல்லும் மைக்ரோகோடு, தேவைக்கு மேல் கேட்டது. மறுபுறம், போட்டியில் முந்த நினைத்த சில போர்டு நிறுவனங்கள் 253 வாட் வரம்பை 4,096 வாட் என்று ஆக்கி விற்றன. அதாவது வரம்பே இல்லை. ஓவர்கிளாக் பக்கமே போகாதவரின் கணினியும் ஓவர்கிளாக் செய்ததுபோல் கொதித்தது. கூடுதல் வோல்ட் பிராசஸரின் உள்சுற்றை மெல்ல மெல்லத் தேய்த்துவிடும். தேய்ந்தபின், பழைய வேகத்துக்குப் பழைய வோல்ட் போதாது. கேம் நின்று போவது அதனால்தான்.

2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாது. செப்டம்பரிலும் 2025 மே மாதத்திலும் மேலும் திருத்தங்கள் வந்தன. ஆகவே, உங்கள் மதர்போர்டின் சரியான மாடலுக்கு, அதற்குப் பிந்திய தேதியிட்ட பயாஸை நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து எடுத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பெண்டிரைவில் போடுங்கள். ஈப்போவில் பிற்பகல் இடி மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. வானம் கறுத்திருக்கும்போது இந்த வேலை வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் போர்டே எழாமல் போகலாம்.

அப்டேட் முடிந்ததும் 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' தேர்வு செய்து, எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். அப்போதும் நின்றால், பிராசஸர் ஏற்கெனவே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எந்த அப்டேட்டும் அதைத் திருப்பித் தராது. வோல்ட்டைக் கூட்டிச் சமாளிப்பது தேய்மானத்தைத் துரிதப்படுத்தும். மாற்றிக் கேட்பதே வழி. பெட்டியில் விற்ற பிராசஸர்களுக்கு உத்தரவாதம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டப்பட்டுள்ளது. கடையில் பொருத்தித் தந்த கணினி என்றால், விற்றவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் மலிவாக ஐ9 கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள், ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். 2023ல் சில ரைசன் 7000 சில்லுகள் கருகிய பிறகு, அவற்றின் எஸ்ஓசி வோல்ட்டை 1.3க்குள் அடக்கப் புதிய பயாஸ் வந்தது.

எல்லாம் சீராக ஓடி, அதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூட்டுங்கள். வோல்ட்டை 'ஆட்டோ'வில் விட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பல போர்டுகள் அங்கேதான் தாராளம் காட்டுகின்றன. லோட் லைன் கலிப்ரேஷனை உச்சியில் வைக்காதீர்கள். ஏர்கோன் இல்லாத அறையில் சூடு 100 டிகிரியைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; பிறகு கூட்டி என்ன பயன்? திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றி, போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடம் வெளியே எடுத்து வைத்துப் பொருத்தினால், பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.