பருத்திக்காட்டு மானியம்: பாயின்செட் மாவட்டத்தின் கதை

அமெரிக்காவில் விவசாயிகளுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கும் வழக்கம் 1933 மே மாதம் நிறைவேறிய வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தோடு வேரூன்றியது. 1929இல் பவுண்டுக்கு ஏறத்தாழ 17 சென்ட் விற்ற பருத்தி, 1932இல் 6 சென்ட் அளவுக்குச் சரிந்திருந்தது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்று கணக்கிட்ட அரசு, சாகுபடிப் பரப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டவர்களுக்குப் பணம் தந்தது. அதற்கான நிதி, விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலைகள் மீது விதித்த வரியிலிருந்து வந்தது.

சட்டம் வந்தபோது விதைப்பு முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் கோடையில் தென் மாநிலங்கள் எங்கும் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் பருத்திப் பயிர் உழுது அழிக்கப்பட்டது. செடியை மிதிக்காமல் வரிசைகளுக்கிடையே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், பயிர் மேல் ஏறி நடக்க மறுத்து முரண்டு பிடித்ததாக அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதை ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கிலுள்ள பாயின்செட் மாவட்டம் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே பெரும்பண்ணைகளில் பருத்தி பயிரிட்டவர்களில் பலர் நிலமற்ற வாரக்குடிகள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அவர்களில் இருந்தார்கள். விதை, ஏர், கோவேறு கழுதை எல்லாம் பண்ணைக்காரர் தருவார்; சாப்பாட்டுச் சாமானை அவரிடம் கடனாக வாங்குவார்கள். அறுவடையில் பாதி அவருக்குப் போகும். மீதிப் பாதியில் பற்றுக் கணக்கைக் கழித்தால் பெரும்பாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

1934-35 பருத்தி ஒப்பந்தம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் வந்து உட்கார்ந்தது. தரிசாக விட்ட நிலத்துக்கு வாடகையாக, அதன் வழக்கமான விளைச்சலில் பவுண்டுக்கு 3.5 சென்ட், அது முழுவதும் நில உரிமையாளருக்கு. கூடுதலாக 1 சென்ட் விலை ஈட்டுத்தொகை. அதில் மட்டும் வாரக்குடிக்குப் பாதி. ஆக 4.5 சென்டில் உழைத்தவருக்கு அரை சென்ட், ஒன்பதில் ஒரு பங்கு. அந்த அரை சென்ட்கூடப் பல பண்ணைகளில் பழைய கடனுக்கு வரவு வைக்கப்பட்டது. சாகுபடி சுருங்கியதால் குடிகளே தேவையில்லை என்றும் பலர் வெளியேற்றப்பட்டார்கள். இயன்றவரை அதே எண்ணிக்கையில் குடிகளை வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொன்னது. ‘இயன்றவரை’ என்பதன் எல்லையைப் பண்ணைக்காரர்களே வகுத்துக்கொண்டார்கள்.

1934 ஜூலையில் டைரோன்சா ஊருக்கு அருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் கூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். துணி வெளுக்கும் கடை நடத்திய எச். எல். மிட்செலும் பெட்ரோல் நிலையம் வைத்திருந்த கிளே ஈஸ்ட்டும் துணை நின்றார்கள். நிறப்பிரிவினை சட்டமாகவே இருந்த மண்ணில் இரு இனத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்தது பெரும் துணிச்சல். அடியும் துப்பாக்கிச் சூடும் அவர்களைத் துரத்தின. வாஷிங்டனில், அதே குடிகளையே நிலத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஏழாம் பிரிவுக்கு விளக்கம் எழுதிய வேளாண் துறை வழக்கறிஞர்களில் பலர் 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டார்கள். குடிகளின் பக்கம் நின்ற அந்த விளக்கமும் கைவிடப்பட்டது. அந்த இலையுதிர்காலத்தில் சங்கம் பருத்தி எடுப்புக் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்து, பல இடங்களில் கூலியை உயர்த்தியது.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆலை வரி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மண்வளப் பாதுகாப்பின் பெயரிலும், 1938இல் புதிய சட்டத்தின் மூலமும், பொதுக் கருவூலத்திலிருந்து மானியம் தொடர்ந்தது. குடிகளின் பங்கு கூட்டப்பட்டதும், அதைப் பகிர விரும்பாத உரிமையாளர்கள் வாரத்தை விட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். மானியப் பணம் டிராக்டர் வாங்கவும் உதவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பருத்தி எடுக்கும் இயந்திரமும் வந்து சேர, வாரக்குடி என்ற வகுப்பே மறைந்தது.

இன்று பாயின்செட்டின் முதன்மைப் பயிர்கள் நெல்லும் சோயாவும். 1996இல் வந்த நிலையான நேரடி மானியத்தை 2014 சட்டம் நிறுத்தி, விலை அல்லது வருவாய் குறையும்போது ஈடு தரும் முறையைக் கொண்டுவந்தது. அந்த ஈட்டுத்தொகை பெரும்பாலும் அந்த ஆண்டு விதைத்த பயிரைப் பார்த்து அல்ல, பண்ணையின் பேரில் முன்பே பதிவான அடிப்படை ஏக்கர்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.